முதுகு ஊசியா, முழு மயக்கமா: இடுப்பு முறிந்த ஆயாவுக்கு எது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் குடும்பங்களில் ஒரு முதியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், ஆபரேஷன் தேவையா என்பதில் பெரிய சண்டை வருவதில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அது முடிவாகிவிடும். சண்டை வருவது மயக்க மருந்தில்தான். "முழு மயக்கம் கொடுத்தால் அக்கா கண் திறக்க மாட்டாள்" என்று ஆயாவின் தம்பி அடித்துச் சொல்வார். "முதுகில் ஊசி குத்தினால் காலத்துக்கும் முதுகு வலிதான்" என்று சித்தி சொல்வார். ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் பேரன் போனில் எதையோ படித்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்வான். ஆயாவை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு அடுத்த ரெக்கவரி அறையில் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்தோ மெரிபாங்கிலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியோடு போன் செய்வார்கள். அதனால் சமீப ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை விடாமல் படித்து வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான முதியவர்களுக்கு இந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சிலருக்கு மட்டும் உண்டு, அவர்கள் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் குடும்பம் இந்தச் சண்டையில் செலவழிக்கும் சக்தியை வேறு நான்கைந்து கேள்விகளில் செலவழித்தால் ஆயாவுக்கு அதிகப் பலன் கிடைக்கும்.

இரண்டும் என்ன என்று சுருக்கமாகப் பார்ப்போம். முதுகு ஊசி என்பது ஸ்பைனல். கீழ் முதுகில் மெல்லிய ஊசியை நுழைத்து, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் மரப்பு மருந்தை விடுவார்கள். பெரும்பாலும் அது பியூபிவகெய்ன். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே இருக்கும். நோயாளி விழித்திருக்கலாம், அல்லது லேசாகத் தூங்க வைப்பார்கள். முழு மயக்கம் என்பது ஜெனரல். டிரிப் வழியாகத் தூக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் வைத்து, மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ள, வாயு மருந்தால் தூக்கத்தை நீட்டிப்பார்கள்.

இரண்டுமே பழையவை. ஈதர் மயக்கத்தை பாஸ்டனில் 1846 அக்டோபரில் ஊரறியக் காட்டினார்கள். எட்டே மாதத்தில், 1847 ஜூனில், நம் நாட்டில் கிரஹாம்ஸ்டவுனில், இன்றைய மகாண்டாவில், டாக்டர் ஏதர்ஸ்டோன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலை எடுத்துவிட்டார். முதுகு ஊசியை 1898இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் செய்து காட்டினார். இவ்வளவு காலமாகக் கையில் இருந்தும், இடுப்பு முறிந்த முதியவர்களுக்கு இவற்றில் எது நல்லது என்பதைக் குலுக்கல் முறையில் பெரிய அளவில் சோதித்த முடிவுகள் 2021இன் கடைசியில்தான் வந்தன.

அதற்கு முன்பு நம்மிடம் இருந்தவை பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி எழுதிய கணக்குகள். அவற்றில் பல முதுகு ஊசியின் பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்திருப்பார். இதய வால்வு கெட்டவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், நிலைமை மோசமானவர் என்று பலர் முழு மயக்கத்துக்குப் போயிருப்பார்கள். பிறகு அவர்களில் அதிகம் பேர் இறந்தால் பழி மயக்க மருந்தின் மேல் விழும். நம் வீட்டுப் பெரியவர்களின் பயத்துக்கும் இதுதான் வேர் என்று நினைக்கிறேன். தெருவில் யாரோ முழு மயக்கத்துக்குப் பிறகு இறந்தார் என்ற செய்தி நிற்கும், அவர் ஏற்கனவே எப்படி இருந்தார் என்பது மறந்துபோகும்.

2021இல் வந்த ரீகெய்ன் ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகளில் நடந்தது. 50 வயதைத் தாண்டிய, விழுவதற்கு முன்பு நடமாடிக்கொண்டிருந்த 1,600 பேர். குலுக்கலில் பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம். 60 நாள் கழித்து எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் அல்லது துணையில்லாமல் நடக்க முடியாமல் போயிருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். முதுகு ஊசிக் குழுவில் 18.5 சதவீதம், முழு மயக்கக் குழுவில் 18.0 சதவீதம். ஆபரேஷனுக்குப் பின் வரும் மனக்குழப்பம் முதுகு ஊசியில் 20.5, முழு மயக்கத்தில் 19.7. ஓராண்டு கழித்துத் தொடர்ந்து பார்த்தபோதும் வித்தியாசம் தெரியவில்லை.

அதே சமயத்தில் சீனாவின் ஒன்பது மருத்துவமனைகளிலிருந்து ராகா என்ற ஆய்வும் வந்தது. 65 வயதைத் தாண்டிய 950 பேர். இங்கே முதுகில் மரப்பு ஊசி போட்டவர்களுக்குத் தூக்க மருந்து கொஞ்சம்கூடக் கொடுக்கவில்லை. "முதுகு ஊசி போட்டுவிட்டுத் தூக்க மருந்தும் கொடுத்தால் பலன் எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு இது பதில். ஏழு நாளுக்குள் மனக்குழப்பம் வந்தவர்கள் மரப்பு ஊசியில் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1 சதவீதம். இங்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு ஆய்வுகளின் சதவீதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். நோயாளிகளும் வேறு, குழப்பத்தை அளந்த முறையும் வேறு.

ஆக, "முழு மயக்கம் மூளையைக் கெடுத்துவிடும், முதுகு ஊசி காப்பாற்றும்" என்ற பேச்சுக்கு இடுப்பு முறிவில் இப்போது ஆதாரம் இல்லை. சித்தியின் முதுகு வலிப் பயத்துக்கும் இல்லை. முதுகு ஊசியால் நாள்பட்ட முதுகு வலி வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த வயதில் பாதிப் பேருக்கு முதுகு ஏற்கனவே வலித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஊசிக்குப் பிறகு வரும் தலைவலியும் இளையவர்களைவிட முதியவர்களுக்குக் குறைவாகவே வருகிறது.

பலரும் எதிர்பார்க்காத ஒரு முடிவும் ரீகெய்னில் இருந்தது. வலியைத் தனியாக ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். முதல் 24 மணி நேரத்தில் இருந்த மிக மோசமான வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டதில், முதுகு ஊசிக் குழுவில் சராசரி 7.9, முழு மயக்கக் குழுவில் 7.6. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் எல்லோரும் நினைத்த திசைக்கு எதிர்த் திசை. 60 நாள் கழித்து டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முதுகு ஊசியில் 25 சதவீதம், முழு மயக்கத்தில் 18.8. ரெக்கவரி அறையில் நின்றவளுக்கு முதல் எண் ஆச்சரியம் தராது. மரப்பு இருக்கும்வரை ஆயா சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், யாரும் வலி மருந்தைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். வார்டுக்குப் போன பிறகு மரப்பு விலகும், வலி மொத்தமாக வந்து நிற்கும். இரண்டு எண்களையும்விட எனக்கு உறைப்பது ஒன்று உண்டு. எந்தக் குழுவானாலும் வலி எட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

யாருக்கு வித்தியாசம் உண்டு

சராசரியில் வித்தியாசம் இல்லை என்றால் உங்கள் ஆயாவுக்கும் இல்லை என்று ஆகாது. சில நிலைமைகளில் தராசு தெளிவாகவே சாயும்.

முதலாவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள். நம் சமூகத்தில் சர்க்கரையும் இதய நோயும் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை, அதனால் இந்த மாத்திரைகள் பாதி வீடுகளில் இருக்கும். ஆஸ்பிரின் மட்டும் என்றால் முதுகு ஊசிக்குத் தடையில்லை. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) இறங்கும்வரை ஊசி போட மாட்டார்கள். குளோபிடோக்ரெல், ரிவராக்சபான், அபிக்சபான் போன்றவை உடம்பில் இருக்கும்போது முதுகில் குத்தினால் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. அரிதானதுதான், ஆனால் நடந்தால் கால் செயலிழந்துவிடும். குளோபிடோக்ரெலின் வேலை முழுவதும் அடங்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். முதுகு ஊசிதான் வேண்டும் என்று அடம் பிடித்து அத்தனை நாள் ஆயாவைப் படுக்கையில் போட்டுவைப்பது மோசமான பேரம். அங்கே முழு மயக்கம் கொடுத்துச் சீக்கிரம் முடிப்பதே மேல்.

இரண்டாவது, இதயத்திலிருந்து வெளியேறும் பெரிய வால்வு இறுகிப்போனவர்கள். முதுகு ஊசி கால்களின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தைத் திடீரென இறக்கும். இறுகிய வால்வு உள்ள இதயத்தால் அதைச் சமாளிக்க முடியாமல் போகலாம். இப்படிப்பட்டவர்களுக்குப் பல மயக்க மருத்துவர்கள் முழு மயக்கத்தைத்தான் விரும்புவார்கள். குறைந்த அளவு மருந்தோடு கவனமாக முதுகு ஊசி போடுபவர்களும் உண்டு. ஆயாவுக்கு "இதயத்தில் சத்தம் இருக்கிறது" என்று எந்த கிளினிக்கிலாவது எப்போதாவது சொல்லியிருந்தால், அதை மயக்க மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

மறுபக்கம், நுரையீரல் கெட்டவர்களுக்கு முதுகு ஊசி வசதி. வாழ்நாள் முழுதும் புகைத்த தாத்தா, பழைய காசநோயால் நுரையீரலில் வடு உள்ளவர், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் ஆகியோருக்குத் தொண்டையில் குழாய் வைக்காமல் முடிந்தால் நல்லது. வயிறு காலியாக இல்லாதவர்களுக்கும் இதே கதைதான். ஒசெம்பிக் போன்ற ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் இப்போது அதிகம். அந்த மருந்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் முன்கூட்டித் திட்டமிடலாம். வாரம் ஒரு முறை போடும் ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள் என்று 2023இல் அமெரிக்க மயக்க மருத்துவச் சங்கம் சொன்னது. 2024 அக்டோபரில் பல சங்கங்கள் சேர்ந்து அதைத் தளர்த்தின. பெரும்பாலோர் ஊசியைத் தொடரலாம், தேவைப்பட்டவர்கள் முந்தைய நாள் நீராகாரத்தில் இருக்கட்டும் என்றன. ஆனால் திங்கட்கிழமை ஊசி போட்டு செவ்வாய்க்கிழமை விழுந்தவருக்கு இதில் எதுவும் உதவாது. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தை நினைத்து மயக்க மருத்துவர் முதுகு ஊசிப் பக்கம் சாயலாம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இவற்றால் எந்த மயக்கம் என்பது மாறாது. ஆனால் பட்டினியோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். மாத்திரை டப்பாக்களை ஒரு பையில் போட்டு அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். "பிரஷர் மாத்திரை ஒன்று, சர்க்கரை மாத்திரை ஒன்று, ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

அப்புறம், ஆயாவால் அசையாமல் படுத்திருக்க முடியுமா என்பது. மறதி நோய் முற்றியவர், காது கேட்காதவர், பயத்தில் எழுந்திருக்கப் பார்ப்பவர் விழித்தபடி ஒரு மணி நேரம் படுத்திருப்பது எல்லோருக்கும் கஷ்டம். அவருக்கு அதிகமாகத் தூக்க மருந்து கொடுத்துச் சமாளித்தால் அது கிட்டத்தட்ட முழு மயக்கம்தான், மூச்சுக்குழாய் மட்டும் பாதுகாப்பில்லாமல் இருக்கும். அதற்கு முழு மயக்கத்தையே ஒழுங்காகக் கொடுத்துவிடலாம். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ரீகெய்னில் முதுகு ஊசி என்று குலுக்கலில் வந்தவர்களிலேயே சுமார் 15 சதவீதம் பேருக்குக் கடைசியில் முழு மயக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. வயதான முதுகெலும்பில் ஊசி நுழைய இடம் கிடைக்காமல் போவது சகஜம். "முதுகு ஊசி என்று சொல்லிவிட்டு மாற்றிவிட்டார்கள்" என்று கோபப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால்? ஆயாவைக் கேளுங்கள். சிலருக்குத் தியேட்டரில் விழித்திருப்பதே கொடுமை, சிலருக்குத் தன்னை மறந்து தூங்குவது பயம். மருத்துவக் காரணம் எதுவும் தடுக்காதபோது அவர் விருப்பமே போதுமான காரணம். சட்டமும் அப்படித்தான். புத்தி தெளிவாக இருக்கும் முதியவரின் சம்மதத்தை அவர்தான் தர வேண்டும். அவரால் முடியாமல், எழுதிக் கொடுத்து யாரையும் நியமிக்காமலும் இருந்தால், 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. கணவன் அல்லது மனைவி அல்லது துணைவர், பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, அப்புறம் உடன்பிறந்தவர். அடித்துப் பேசும் ஆயாவின் தம்பி அந்த வரிசையில் கடைசி.

பணத்தைப் பொறுத்தவரை இந்தத் தேர்வு பெரிதாக எதையும் மாற்றாது. தனியார் மருத்துவமனையில் மயக்க மருத்துவர் தனியாக பில் போடுவார், அது மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவச் செலவுத் திட்டம் தரும் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கலாம். இடுப்பு முறிவு அந்தத் திட்டங்கள் கட்டாயம் தந்தாக வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் வருவது, அதனால் அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் யார் அன்று தியேட்டரில் இருக்கிறார்களோ அவருக்குக் கை பழகிய முறையே நடக்கும். அது குறையல்ல. தினமும் செய்யும் முறையை ஒருவர் செய்வதையே நான் விரும்புவேன்.

சண்டை போட வேண்டிய இடங்கள்

முதலில் நேரம். 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஹிப் அட்டாக் ஆய்வு 17 நாடுகளில் 2,970 பேரைச் சேர்த்தது. ஒரு குழுவுக்கு முறிவு என்று உறுதியானதிலிருந்து ஆறு மணி நேரத்தில் ஆபரேஷன், இன்னொரு குழுவுக்கு வழக்கமான வேகத்தில், அதாவது சுமார் 24 மணி நேரத்தில். 90 நாளில் இறந்தவர்கள் 9 சதவீதம், 10 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மனக்குழப்பம் 12 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். முதுகு ஊசியா முழு மயக்கமா என்ற கேள்வி மனக்குழப்பத்தில் கொண்டுவராத மாற்றத்தை நேரம் கொண்டுவந்தது. கவனியுங்கள், அங்கே மெதுவான குழு என்பதே ஒரு நாள்தான். நம் அரசு மருத்துவமனைகளில் எமர்ஜென்சி லிஸ்டில் கார் விபத்தும் கத்திக்குத்தும் துப்பாக்கிக் காயமும் முன்னால் வரும், எண்பது வயது இடுப்பு பின்னால் தள்ளப்படும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ரத்தம் கொட்டுபவர் முதலில்தான் போக வேண்டும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கும் இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் இடையிலான வித்தியாசமே அளவில் தெரிகிறது என்றால், மூன்று நான்கு நாள் படுத்திருப்பது என்ன செய்யும் என்று யோசியுங்கள். "இன்று லிஸ்டில் இருக்கிறாரா, எத்தனையாவது?" என்று தினமும் காலையில் பணிவாகக் கேட்பவர் ஒருவர் குடும்பத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில் நடக்கும் பட்டினியைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று போர்டு மாட்டுவார்கள். மறுநாள் மாலை நான்கு மணிக்கு "இன்று இல்லை" என்பார்கள். ஒரு ரொட்டித் துண்டு, ஒரு டீ, மறுபடி பன்னிரண்டு மணிக்கு போர்டு. மயக்க மருத்துவச் சங்கங்களின் விதி அப்படிச் சொல்லவில்லை. பால் கலக்காத தெளிவான நீர் வகைகளை ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பதே பொதுவான விதி. காய்ந்துபோன உடம்புக்கு எந்த மயக்கம் கொடுத்தாலும் ரத்த அழுத்தம் விழும். பிரிட்டனில் 11,000க்கும் அதிகமான இடுப்பு முறிவு நோயாளிகளைக் கணக்கெடுத்து 2016இல் எழுதியபோது, இறப்போடு ஒட்டி வந்தது மயக்கத்தின் வகை அல்ல, தியேட்டரில் ரத்த அழுத்தம் எவ்வளவு கீழே போனது என்பது. எனவே சிஸ்டரிடம் கேளுங்கள்: இப்போது தண்ணீர் கொடுக்கலாமா?

அடுத்தது, நரம்பு பிளாக். இதைத்தான் உண்மையான மூன்றாவது தேர்வு என்பேன், இரண்டில் எதோடும் சேர்ந்து வரும் தேர்வு. தொடையின் மேற்பகுதியில், இடுப்புக்கு முன்னால், அல்ட்ராசவுண்ட் பார்த்து மரப்பு மருந்து விட்டால் முறிந்த இடத்துக்குப் போகும் நரம்புகளில் முக்கியமானவை மரத்துப்போகும். காஜுவல்ட்டியிலேயே போடலாம், தியேட்டருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 49 ஆய்வுகளையும் 3,061 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, அரை மணி நேரத்துக்குள் அசைவில் வரும் வலி குறைவதாகச் சொல்கிறது. மனக்குழப்பமும் குறைகிறது. சுமார் 12 பேருக்குப் போட்டால் ஒருவருக்குக் குழப்பம் வராமல் தடுக்கலாம். மார்புச் சளித் தொற்றும் குறையலாம். 2018இல் கனடாவிலிருந்து வந்த பெங் பிளாக் என்ற புதிய வகை, தொடைத் தசையின் பலத்தைக் குறைக்காமல் இடுப்பு மூட்டின் நரம்புகளை மட்டும் குறிவைக்கப் பார்க்கிறது. எது கிடைக்கிறதோ அது போதும், பெயரில் சண்டை வேண்டாம். முதுகு ஊசி போடுவதற்கே ஆயாவை முறிந்த இடுப்போடு பக்கவாட்டில் திருப்பவோ உட்கார வைக்கவோ வேண்டும். பிளாக் இல்லாமல் அதைச் செய்யும்போது எழும் கத்தலைக் கேட்டவர்களுக்கு நான் ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்று புரியும். மரப்பு விலகியதும் வார்டில் வரும் அந்த எட்டு மதிப்பெண் வலிக்கும் இதுதான் அணை. எல்லா மருத்துவமனையிலும் எல்லா நேரத்திலும் இதைச் செய்யத் தெரிந்தவர் இருக்க மாட்டார். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு என்ன என்பதற்கு நம் கண்டத்திலிருந்தே ஒரு ஆய்வு இருக்கிறது. கேப் டவுனின் புரூஸ் பிக்கார்ட் தலைமையில் 25 ஆப்பிரிக்க நாடுகளில், 247 மருத்துவமனைகளில், 11,422 நோயாளிகளைப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். இந்த நோயாளிகள் உலகச் சராசரியைவிட இளையவர்கள், உடம்பில் நோயும் குறைவு. ஆனாலும் ஆபரேஷனுக்குப் பின் இறப்பது உலகச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. அந்த இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆபரேஷன் நாளைத் தாண்டிய பிறகு நடந்தவை. கண் திறக்க மாட்டாள் என்று ஆயாவின் தம்பி பயப்படும் இடம் தியேட்டர். ஆபத்து காத்திருக்கும் இடம் வார்டு, இரண்டாம் மூன்றாம் இரவு. அந்த வார்டில் ஆட்கள் குறைவு. எனவே மயக்க மருத்துவரிடம் "முதுகா, முழுதா?" என்று கேட்கும் அதே மூச்சில், "முதல் இரவு ஹை கேரில் (கூடுதல் கண்காணிப்புப் பிரிவில்) இருப்பாரா, வார்டிலா?" என்றும் கேளுங்கள். வார்டுதான் என்றால் குடும்பத்தில் ஒருவர் அனுமதிக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் இருங்கள். மூச்சு வேகம், புதிய குழப்பம், சிறுநீர் குறைவது ஆகியவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் பார்ப்பார்.

மனக்குழப்பம் விஷயத்தில் நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. அதைச் சோதிக்க நர்சுகள் பயன்படுத்தும் 4ஏ.டி. என்ற சின்னச் சோதனையில் வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், இப்போது எந்த வருடம் என்று கேட்பார்கள். மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வார்கள். நம் முதியவர்களில் இன்னும் தமிழிலேயே யோசிப்பவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். டிசம்பரிலிருந்து ஜனவரிவரை ஆங்கிலத்தில் தலைகீழாகச் சொல்வது அவர்களுக்கு நல்ல நாளிலேயே வராது. அப்போது குழப்பம் இல்லாதவருக்குக் குழப்பம் என்று எழுதுவார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நடு இரவில் ஆயா தமிழில் எதையோ முணுமுணுப்பார். ஜூலுவும் ஆங்கிலமும் தெரிந்த சிஸ்டருக்கு அது பிரார்த்தனையா, இல்லாத ஆளிடம் பேசுவதா என்று எப்படித் தெரியும்? சத்தமே போடாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும் வகைக் குழப்பம் இன்னும் மோசம். நம் பெண்கள் மருத்துவமனையில் அடங்கி இருப்பார்கள், "நல்ல பேஷன்ட்" என்று பேர் வாங்குவார்கள், குழப்பம் கண்ணில் படாமலே போய்விடும். "இவர் வழக்கமாக இப்படி இல்லை" என்ற ஒரு வாக்கியத்தைக் குடும்பம் சொல்ல வேண்டும், எழுதவும் சொல்ல வேண்டும். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் பாதுகாப்புக்காக வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். பல் செட்டும் அப்படித்தான்.

மறுநாளே படுக்கையை விட்டு எழ வைப்பார்கள். "பாவம், ஒரு நாள் படுக்கட்டும்" என்று தடுக்க வேண்டாம்.

எனக்கே இடுப்பு முறிந்தால் என்ன கேட்பேன் என்று சிலர் கேட்பார்கள். காஜுவல்ட்டியில் பிளாக், அடுத்த நாளுக்குள் ஆபரேஷன், முதுகு ஊசி, அதோடு கொஞ்சமும் தூக்க மருந்து வேண்டாம். முதுகு ஊசி ஏன் என்றால் தியேட்டரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை, அதைத் தவிர வேறு மருத்துவக் காரணம் இல்லை. ஊசி ஏறாவிட்டால் முழு மயக்கம் கொடுங்கள் என்று முன்பே சொல்லிவிடுவேன். முழங்கால் மாற்று மாதிரி தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனில் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே முதுகு ஊசிக்கு நிபுணர்களிடம் ஆதரவு அதிகம். இந்த எண்களை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் வலிக்கு அடிப்படை பனாடோதான், அதாவது பாராசிட்டமால். நாளுக்கு நான்கு கிராமைத் தாண்டாமல், நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், வலித்தால் மட்டும் என்று அல்ல. ஐம்பது கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு அளவு இன்னும் குறைய வேண்டும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அலமாரியில் இருக்கும் மைப்ரோடால் என்ற வலி மாத்திரையை எடுத்து நீட்டாதீர்கள். அதில் இப்யூபுரூஃபெனும் கோடீனும் பாராசிட்டமாலும் மூன்றும் இருக்கின்றன. முதலாவது சிறுநீரகத்துக்கும் பிரஷர் மாத்திரைக்கும் ஆகாது, இரண்டாவது மலச்சிக்கலையும் குழப்பத்தையும் தரும், மூன்றாவது பனாடோவோடு சேர்ந்து அளவைத் தாண்ட வைக்கும். டிராமடால் எழுதிக் கொடுத்திருந்தால், ஆயா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவரா, வலிப்பு உண்டா என்று டாக்டருக்குத் தெரியுமா என்பதை ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வாரத்தில் திடீரென்று ஆளே மாறிவிட்டார் என்றால், வயதாகிவிட்டது என்று விடுவதற்கு முன் மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள்.